மக்காச்சோளமும் படைப்புழுவும்
(வெள்ளி விழாவின் வேளாண் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே புழுவைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று நம்மவர் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுள் பலர் எதனை நம்பி இங்கு அனுப்பப்படுகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தை மாதத்தில் மக்காச்சோளம் களத்திற்கு வந்து சேர்ந்தால் பிள்ளை அடுத்த ஆண்டும் படிக்கும். வந்து சேராவிடில் அப்பிள்ளை திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகும். பள்ளிக்கூடத்தின் வாசற்படி நம்மைப் பொறுத்தவரை கொல்லையிலேயே தொடங்குகின்றது. ஆதலின் இப்பொருள் இவ்விழாவிற்குப் புறம்பானது அன்று.

மானாவாரிக் கரிசலில் முன்னர் நாம் வரகும் சோளமும் பருத்தியும் விதைத்தோம். பின்னர் மக்காச்சோளம் வந்தது. நாமக்கல், பல்லடம் பகுதிக் கோழிப் பண்ணைகளின் தீவனத் தேவை அதற்குச் சந்தையைத் தந்தது. ஒரே மழையில் முளைத்து, நான்கு மாதத்திற்குள் காசாகும் பயிர் என்பதால், கடன் வாங்கி விதைக்கும் குடும்பங்கள் அதனை விரும்பின. சொந்த நிலம் உடையோர் மட்டுமன்றி, குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுவோரும் அதனையே நாடினர். அந்த நம்பிக்கையின் மீதுதான் 2018-ஆம் ஆண்டில் இடி விழுந்தது.

பகைவன் வந்த வழி

படைப்புழு நம் மண்ணில் பிறந்தது அன்று. மக்காச்சோளத்தைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. பயிர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்துவிட்டது. புழு மட்டும் அங்கேயே தங்கியிருந்தது. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் அது கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அக்கண்டத்தின் பெரும் பகுதிக்குப் பரவி, மக்காச்சோளத்தையே நாள்தோறும் உணவாகக் கொள்ளும் ஏழை உழவர்களின் வயிற்றில் அடித்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கருநாடக மாநிலம் சிவமொக்கா வட்டாரத்தில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் காணப்பட்டது. அவ்வாண்டின் புரட்டாசி, ஐப்பசி விதைப்பிலேயே பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களின் கொல்லைகளில் புகுந்துவிட்டது.

இத்துணை விரைவு எவ்வாறு கூடிற்று எனில், இதன் தாய் அந்துப்பூச்சி காற்றின் துணையுடன் ஒரே இரவில் 100 கிலோமீட்டர் அளவும் பறக்கவல்லது. குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் இயல்பும் இதற்கு இல்லை. உண்ணும் பயிர் கிடைக்கும் வரை ஆண்டு முழுவதும் தலைமுறைக்குப் பின் தலைமுறையாகப் பெருகிக்கொண்டே இருக்கும். மக்காச்சோளமே இதற்கு மிக விருப்பமானது எனினும், சோளம், கரும்பு, நெல் உள்ளிட்ட 350-க்கும் மேற்பட்ட செடியினங்களை இது உண்ணும் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

அவ்வாண்டு நாம் செய்த பிழைகளை இங்கு மறைக்காமல் சொல்லுதல் நன்று. இலையில் சிறு சிறு வெள்ளைப் படலம் தோன்றியபோது சத்துக் குறைவு என்று எண்ணி உரம் இட்டோம். இலை கந்தலான பிறகே மருந்துக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் எடுத்துத் தந்ததை வாங்கினோம். ஒன்றுக்கு மூன்றாகக் கலந்தோம். உச்சி வெயிலில் இலையின் மேல் அடித்தோம். புழுவோ குருத்துக்குள், தன் எச்சத்தையே கதவாக அடைத்துக்கொண்டு, நிம்மதியாக இருந்தது. மூன்று முறை அடித்தவருக்கும் ஒரு முறையும் அடிக்காதவருக்கும் களத்தில் ஏறத்தாழ ஒரே விளைச்சல்தான். கடனில் மட்டும் வேறுபாடு இருந்தது.

பகைவனை அறிதல்

பகைவனை அறியாமல் படை நடத்துதல் ஆகாது. இப்புழுவின் வாழ்நாள் வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ 30 நாள். தாய் அந்துப்பூச்சி இலைகளின் அடியில் நூறு, இருநூறு முட்டைகளாகக் குவித்து இட்டு, அவற்றின் மேல் தன் உடலின் சாம்பல் நிற மயிரைப் போர்த்திவிடும். ஒரு தாய் தன் வாழ்நாளில் 1,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத குஞ்சுப் புழுக்கள் முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். நாம் சத்துக் குறைவு என்று எண்ணிய வெள்ளைப் படலம் இதுவே. பின்னர் அவை நூல் விட்டுக் காற்றில் ஊசலாடி அடுத்தடுத்த செடிகளுக்குப் பரவிக் குருத்துக்குள் இறங்கும்.

விரியாத குருத்தை ஓரிடத்தில் துளைத்தால், அது விரியும்போது இலையின் குறுக்கே வரிசையாகத் துளைகள் தோன்றும். குருத்துக்குள் மரத்தூள் போன்ற ஈரமான எச்சம் குவிந்திருக்கும். இவ்விரண்டும் கண்ட இடத்தில் ஐயம் வேண்டுவதில்லை. குருத்தைப் பிரித்துப் புழுவை எடுத்துப் பார்த்தால், அதன் தலையில் தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வெண்கோடும், வால் பகுதிக்கு அருகில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். நம் பழைய பகைவனாகிய தண்டுத்துளைப்பானுக்கு இவ்வடையாளங்கள் இல்லை.

புழு ஆறு பருவங்களைக் கடந்து இரண்டு மூன்று வாரங்களில் முழு வளர்ச்சி அடைகின்றது. அது உண்ணும் மொத்த உணவில் மிகப் பெரும் பங்கைக் கடைசி இரு பருவங்களிலேயே உண்கின்றது. நாம் சேதத்தைக் கண்டு திடுக்கிடும் நாளில், அது ஏறத்தாழ உண்டு முடித்து மண்ணுக்குள் இறங்கும் நாளை நெருங்கியிருக்கும். ஓரிரு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகி, ஒன்றரை வாரத்தில் மீண்டும் அந்துப்பூச்சியாக வெளிப்படும். ஆகவே முதல் 30 நாள் யார் விழித்திருக்கின்றார்களோ, அவர்களுடைய பயிரே பிழைக்கும்.

விதைக்கும் முன்னும் விதைக்கும் போதும்

முதலாவது கோடை உழவு. மண்ணை ஆழமாகப் புரட்டினால் கூட்டுப்புழு வெயிலில் காயும். கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுதல் நல்லது.

இரண்டாவது ஒருங்கே விதைத்தல். இது மருந்தினும் வலியது. மழை கிடைத்ததும் அடுத்தடுத்த கொல்லைகள் ஒரு வாரத்திற்குள் விதைக்கப்பட்டால், புழுவுக்கு இளங்குருத்து கிடைக்கும் காலம் குறுகும். ஒருவர் புரட்டாசியிலும் மற்றவர் கார்த்திகையிலும் விதைத்தால், முன்னவருடைய கொல்லையில் பெருகிய அந்துப்பூச்சிக்குப் பின்னவருடைய கொல்லை விருந்தாகும். ஏர் இல்லாதவர், டிராக்டர் வாடகைக்குப் பணம் இல்லாதவர், பண்ணையாரின் நிலம் உழுது முடியும் வரை காத்திருப்பவர் யாவரும் பிந்தியே விதைக்கின்றனர். அவ்வாறு பிந்துவோருள் நம்மவரே மிகுதி. எனவே உழவுக் கருவியைக் கூட்டாக அமர்த்திக்கொள்ளுதல் பூச்சிக் கட்டுப்பாட்டின் ஓர் உறுப்பே ஆகும்.

மூன்றாவது விதை நேர்த்தி. சயன்ட்ரனிலிப்ரோலும் தயமீதாக்சாமும் கலந்த விதை நேர்த்தி மருந்தைக் கிலோ விதைக்கு 4 மில்லி லிட்டர் கலந்தால், முளைத்த பின் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பயிருக்குக் காவல் உண்டு. அதற்குப் பணம் இல்லாதோர் கிலோ விதைக்கு 10 கிராம் பெவேரியா பாசியானா என்னும் பூஞ்சாணப் பொடியைக் கலக்கலாம். நேர்த்தி செய்த விதையில் மீந்ததை வறுத்துத் தின்பதோ கோழிக்குப் போடுவதோ கூடவே கூடாது. மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

நான்காவது துணைப் பயிர். வரப்போரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தியும், ஊடே உளுந்து, பாசிப்பயறும் விதைத்தால், புழுவைத் தின்னும் பூச்சிகளுக்கும் முட்டைக்குள் முட்டையிடும் குளவிகளுக்கும் அங்கே தங்கும் இடம் கிடைக்கும். கென்யா நாட்டிலும் இதனை ஒத்த முறை ஒன்று உண்டு. தண்டுத்துளைப்பானுக்காக அங்கு வகுக்கப்பட்ட அம்முறையில், மக்காச்சோள வரிசைகளின் ஊடே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடியையும், சுற்றிலும் நேப்பியர் போன்ற தீவனப் புல்லையும் வளர்ப்பர். உள்ளிருக்கும் செடியின் மணம் பூச்சியை விரட்டும். வெளியிலிருக்கும் புல் அதனைத் தன்பால் இழுக்கும். இம்முறை படைப்புழுவையும் குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. அங்குள்ளோரும் பெரும்பாலும் சிறு நிலமுடைய உழவர்களே என்பது நமக்கு ஊக்கம் தருவதாகும்.

முளைத்த பின்

விதைத்த ஒரு வாரத்தில் இனக்கவர்ச்சிப் பொறிகளை நட வேண்டும். ஏக்கருக்கு ஐந்து பொறி, அந்துப்பூச்சி வந்துவிட்டதா என்று அறிந்துகொள்ளப் போதும். 20 பொறி வைத்தால் ஆண் பூச்சிகளைக் கூட்டமாகப் பிடிக்கலாம். ஏக்கருக்குப் பத்துக் குச்சிகளைக் கவைகளுடன் நட்டுவைத்தால் கரிச்சானும் மைனாவும் வந்து அமர்ந்து புழுவைப் பொறுக்கும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வாரத்திற்கு இருமுறை கொல்லைக்குள் நடக்க வேண்டும். ஐந்து இடங்களில் இடத்திற்கு 20 செடிகளாக நூறு செடிகளைப் பார்க்க வேண்டும். முட்டைக் குவியலைக் கண்டால் இலையுடன் கிள்ளி நசுக்குதல் வேண்டும். ஒரு குவியலை நசுக்குவது நூறு புழுவைக் கொல்வதற்கு ஒப்பாகும். இளங்குருத்துப் பருவத்தில் நூற்றுக்கு ஐந்து செடிகள் தாக்கப்பட்டிருந்தால் தெளிப்பைத் தொடங்க வேண்டும். பயிர் வளர்ந்த பின் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை சென்றாலன்றித் தெளிக்க வேண்டா.

முதல் தெளிப்பு வேப்பங்கொட்டைக் கரைசலாக இருப்பதே முறை. நன்கு காய்ந்த வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பால் போல ஆகும்வரை கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நீர் சேர்த்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளிக்க வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் நம் தெருக்களில் உதிர்ந்து மிதிபடும் வேப்பம் பழத்தைப் பொறுக்கிக் காயவைத்தால், ஐப்பசியில் கடைக்குச் செல்ல வேண்டிய தேவை பாதி குறையும். மணலுடன் ஒன்பதுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை இடுவதும் முதல் 30 நாளில் பயன் தருவதே.

இவற்றையும் மீறிப் புழு பெருகினால், லிட்டர் நீருக்கு 0.4 கிராம் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி., அல்லது 0.4 மில்லி லிட்டர் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி., அல்லது 0.5 மில்லி லிட்டர் ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. ஆகியவற்றுள் ஒன்றைத் தெளிக்கலாம். ஒரு முறை தெளித்ததை மறுமுறை தெளிக்கலாகாது. புழு அதற்குப் பழகிவிடும். பெயர் வேறாயினும் வேலை ஒன்றாக இருக்கும் மருந்துகளும் உள்ளன. குளோரான்ட்ரனிலிப்ரோலும் ஃபுளுபென்டியமைடும் அவ்வகையின. ஒன்றை விட்டு மற்றதை அடிப்பது மாற்றம் ஆகாது. தெளிப்பு முனையைக் குருத்தை நோக்கிப் பிடித்து, காலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். ஆண்பூ வெளிப்பட்ட பின்னர் மருந்து அடிப்பது பெரும்பாலும் பணத்தைக் காற்றில் விடுவதே. அப்போது கையால் பொறுக்குவதே வழி. மருந்து அடித்த தழையை உடனே மாட்டுக்குப் போடலாகாது.

தெளிப்பவர் உயிர்

இங்கு நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயிர் யாருடையதாயினும், தெளிப்பானை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் நம்மவரே. ஒரு டேங்குக்கு இவ்வளவு கூலி என்று பேசி, வெறுங்காலோடும் திறந்த மார்போடும் நாள் முழுதும் தெளிக்கின்றோம். 2017-ஆம் ஆண்டில் மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பயிர் ஆளுயரம் வளர்ந்த நிலையில், மருந்துப் புகை முகத்தில் படியும்படி தெளித்தது அங்கு நேர்ந்த கேட்டின் காரணங்களுள் ஒன்று. மக்காச்சோளமும் ஆளுயரம் வளரும் பயிரே என்பதை மறத்தலாகாது.

மருந்துப் புட்டியின் மேல் ஒரு சதுரம் சாய்வாக அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப் பாதியின் நிறமே நஞ்சின் அளவைக் கூறும். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை குறைந்தது. எழுத்தறியாதவரும் நிறத்தை அறியலாம். சிவப்பையும் மஞ்சளையும் கையில் கொடுத்து, கையுறையும் முகக் கவசமும் கொடுக்காதவரிடம் தெளிக்க மாட்டோம் என்று சொல்ல நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் சொன்னால் வேலை போகும். ஊரே சொன்னால் கவசம் வரும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது. அடைபட்ட முனையை வாயால் ஊதலாகாது. தெளித்த உடையோடு குழந்தையைத் தூக்கலாகாது. மயக்கம், வாந்தி, கண் மங்கல் கண்டால் மோர் கொடுத்துக் காலம் கடத்தாமல், மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என்ன நஞ்சு என்று அறிந்தால்தான் மருத்துவர் உரிய மாற்று மருந்து தர இயலும்.

தாளும் பயிரும்

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு படைப்புழுவால் பாதிக்கப்பட்டோர்க்கு ஏறத்தாழ 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது நல்ல செயலே. ஆனால் நம் தெருவில் நிகழ்ந்தது என்ன? சிட்டாவும் அடங்கலும் கொண்டுவரச் சொன்னார்கள். விதைத்தவர் நாம், கடன்பட்டவர் நாம், கந்தலான பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டவர் நாம். அடங்கலில் இருந்த பெயரோ வேறு. வாய்ச்சொல்லால் குத்தகை எடுத்தவர்களுக்குக் கையில் காட்ட ஒரு தாளும் இல்லை. நிலத்துக்கு உரியவருடைய வங்கிக் கணக்கிற்குச் சென்ற தொகையில் பாதியையேனும் கொடுத்த நல்லவர் ஓரிருவர் இருந்தனர். ஏனையோரிடம் கேட்கச் சென்றவர்களுக்கு அடுத்த ஆண்டு நிலம் கிடைக்கவில்லை.

இந்தக் கதை புதியதன்று. 1891-ஆம் ஆண்டில் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் நம் முன்னோரின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் பின், 1892-ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. பிறருக்கு விற்கலாகாது என்ற விதியோடு வழங்கப்பட்ட அந்நிலங்களுள் பெரும் பகுதி இன்று யார் கையில் உள்ளது என்பது உங்களுக்குத் தெரியும். தாளைப் படிக்கத் தெரியாமல் இழந்தவை அவற்றுள் எத்தனை!

சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகை உழவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வருவாய்த் துறையினரிடம் மனுச் செய்யலாம். அஞ்சி நாம் செய்வதில்லை. தனித்துச் செய்ய அஞ்சுவதும் இயல்பே. இங்கேதான் சங்கத்தின் பணி தொடங்குகின்றது.

அண்ணல் அம்பேத்கர் 1918-ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலம் சிறியதா பெரியதா என்பதைப் பரப்பளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனோடு சேரும் முதலும் கருவியும் உழைப்பும் தக்க அளவில் உள்ளனவா என்பதே கேள்வி என்று அதில் எடுத்துக்காட்டினார். நம் ஒரு ஏக்கரை இன்று அந்தக் கண்ணால் காணுதல் வேண்டும். அறிவும் ஒற்றுமையும் முதலாகச் சேர்ந்தால் ஒரு ஏக்கரும் பிழைக்கும்.

சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

வெள்ளி விழா ஆண்டில் நான்கு காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கின்றோம். ஒன்று, ஆனி மாதத்தில் மாணவர்களும் மகளிரும் வேப்பங்கொட்டை திரட்டிச் சங்கக் கட்டடத்தில் சேமித்து, உழவர்களுக்கு அடக்க விலையில் தருதல். இரண்டு, இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கூட்டாக வாங்கி நட்டு, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் அந்துப்பூச்சிகளை எண்ணித் தெருப் பலகையில் எழுதுதல். மூன்று, மாலைப் பள்ளியில் மருந்துப் புட்டியின் எழுத்தையும் நிறத்தையும் படிக்கக் கற்பித்தல். நான்கு, ஒவ்வொரு குத்தகைக் குடும்பமும் விதைத்த நாள், பரப்பு, செலவு, சேதம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கவும், குத்தகைப் பதிவுக்கு அனைவரும் ஒரே நாளில் மனுக் கொடுக்கவும் உதவுதல்.

25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியோர் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரும்பினர். அவ்வெழுத்து பரீட்சைத் தாளோடு நின்றுவிடலாகாது. மருந்துப் புட்டியைப் படிக்கவும், அடங்கலைப் படிக்கவும், இலையின் மேல் புழு எழுதும் எழுத்தைப் படிக்கவும் அது பயன்பட வேண்டும். வரும் புரட்டாசியில் முதல் மழை விழும். விதைத்த ஏழாம் நாள் முதல் குனிந்து குருத்தைப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளை அடுத்த ஆண்டும் பள்ளிக்குப் போகுமா என்பதற்கான விடை அங்கேதான் இருக்கின்றது.